சாமி ரூமில் பால் பாட்டில்

பாட்டில் வேக வைக்கிற அந்த மெஷினை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. என் மனைவியின் தம்பி அட்டைப்பெட்டியைப் பிரித்து, தெர்மாகோலை ஒதுக்கிவிட்டு, மூடி போட்ட இட்லிக் குண்டான் மாதிரி வெள்ளையாக இருந்த அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். "சாமி ரூம்ல வை" என்றாள் என் அக்கா. நானும் அதையேதான் நினைத்திருந்தேன். என் மனைவி குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை.

எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். நட்டு, போல்ட், பேரிங் எது எந்த ரேக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போன ஒயர்களில் ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. எந்த ஒயர் அவளுக்கு மூச்சு கொடுக்கிறது, எது சும்மா கணக்குப் பார்க்கிறது என்று யாரைக் கேட்பது. அவளுடைய கால் கட்டைவிரலில் ஒரு சிவப்பு வெளிச்சம் கட்டியிருந்தார்கள். தினமும் அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவேன்.

அந்த நாட்களில் அக்கா ஒரு விளக்கு ஏற்றினாள். அவள் வண்டலூரில் வாழ்க்கைப்பட்டவள். வேறு வீட்டுக்குப் போனவள் என்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளைத் தீட்டு அவளுக்குக் கிடையாது. அவள் புருஷன், எங்கள் மாமா, போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. எங்களுக்குச் சமைத்துப் போட செம்பாக்கத்துக்கு வந்தவள், வந்த அன்றே தலைக்குக் குளித்து, சாமி ரூமில் பித்தளை விளக்கைத் தேய்த்து வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நரசிம்மர் கோவில் மலையைச் சுற்றி வருகிற வரைக்கும் அந்த விளக்கு அணையக் கூடாது என்பது அவள் வேண்டுதல். நான் தினம் வேலைக்குப் போகிற வழியில் கும்பிடுகிற சாமி அது. அப்பா பிடித்த கை மாதிரி எனக்கு. அதனால் அக்கா அப்படி வேண்டிக்கொண்டதில் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மாவோ, இன்ன எடை வருகிற வரைக்கும் குழந்தையைக் கூட்டத்துக்குள் தூக்கிப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, பால் குடித்தால் எடை ஏறும். எடை ஏறினால் கோவிலுக்குப் போகலாம். போய்விட்டு வந்தால் அக்கா நிம்மதியாக விளக்கை அணைத்து மலையேற்றலாம். எல்லாம் பாலில் வந்து நின்றது.

பாலில்தான் சிக்கலும். குழந்தைக்கு நெஞ்சில் வாய் வைத்து உறிஞ்சத் தெம்பில்லை. கொஞ்சம் இழுப்பாள், உடனே தூங்கிவிடுவாள். பாலாடைக் கிண்ணியில் கொடுத்தால் புரை ஏறி முகம் நீலம் பாய்ந்தது. கடைசியில் மெதுவாகப் பால் வருகிற மாதிரி ஒரு நிப்பிள் போட்ட பாட்டில்தான் வழி என்றார்கள். என் மனைவி பாலைப் பீய்ச்சி எடுத்து வைப்பாள், அதைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தை, கிருமி பட்டால் தாங்காது, ஒவ்வொரு வேளையும் பாட்டிலை ஆவியில் வேக வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் மச்சினன் அந்த மெஷினை வாங்கி வந்தான். அடியில் தண்ணீர் ஊற்றி, தட்டில் பாட்டில்களைக் கவிழ்த்து, மேல் தட்டில் நிப்பிள்களையும் வளையங்களையும் வைத்து, மூடி, பொத்தானை அமுக்கினால் போதும். முதலில் ஆவி வரும். ஆவி நின்ற பிறகு அதுவே சூடான காற்றை ஊதி எல்லாவற்றையும் காய வைக்கும். எல்லாம் முடிந்தால் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பச்சை விளக்கு எரியும். "மாமா, நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம், அதுவே பாத்துக்கும்" என்றான் மச்சினன். நல்ல பிள்ளை. அவன் சொன்னது சரிதான். நாங்கள்தான் சும்மா இருக்கவில்லை.

சாமி ரூம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்திருக்கிற இடம். ஒரு கருங்கல் மேடை, அதன் மேல் படங்கள், அதற்கு முன்னால் விளக்கு. சீரியல் பல்பு போடுவதற்கென்று அங்கே ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. வீட்டிலேயே செருப்புக் காலோ கழுவாத கையோ படாத இடம் அது ஒன்றுதான். ஹாலில் ரோட்டுத் தூசி. சமையல் கட்டில் எறும்பு, கரப்பான். உயிர் பிழைத்து வந்த குழந்தை வாயில் வைக்கிற சாமானை வேறு எங்கே வைப்பது? குளித்துவிட்டு, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, துவைத்த வேட்டியோடு உள்ளே போய்த்தான் நான் பாட்டிலைத் தொடுவேன். எனக்குப் பால் சுரக்காது. குழந்தையைத் தூக்கவும் பயம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது பாட்டில் கழுவுகிற வேலைதான். அதை ஒரு பூஜை மாதிரிதான் செய்தேன்.

போர் தண்ணீரை ஊற்றிய முதல் நாளே மெஷினின் அடித்தட்டில் வெள்ளையாக உப்புப் பொருக்குத் தட்டிவிட்டது. எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் தேய்த்து எடுத்தேன். அதிலிருந்து கேன் தண்ணீர்தான். பாட்டிலின் அடியில் பால் ஏடு ஒட்டியிருக்கக் கூடாது என்று பிரஷ் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்பக் கழுவுவேன். "டேய், பாட்டில் தேஞ்சிடப் போவுது" என்பாள் அக்கா.

காய வைக்கிற இடத்தில்தான் விளக்கு குறுக்கே வந்தது.

மெஷின் முதல் தடவை ஆவியை முடித்துக்கொண்டு காற்றை ஊத ஆரம்பித்தபோது நாங்கள் இரண்டு பேரும் சாமி ரூமில்தான் நின்றிருந்தோம். பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக இருந்த இடத்திலிருந்து சூடான காற்று வந்தது. விளக்கின் சுடர் அப்படியே படுத்தது. அக்கா பாய்ந்து இரண்டு கையையும் குவித்து மறைத்துக்கொண்டாள். "நிறுத்துடா அதை." நான் சுவிட்சைத் தட்டினேன். சுடர் மெல்ல நிமிர்ந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில், அதுவும் அந்தக் குழந்தைக்காகவே வைத்த விளக்கு.

அடுத்த வேளை நான் ஒரு தாம்பாளத்தை விளக்குக்கும் மெஷினுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று ஊதுவது கொஞ்ச நேரமா, முக்கால் மணி நேரத்துக்கு ஓடுகிறது. கை மரத்துப் போனது. தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தால் காற்று அதில் பட்டுச் சுற்றிக்கொண்டு வந்து சுடரை ஆட்டியது. நான் வேலைக்குப் போய்விட்டால் யார் பிடிப்பது? அக்காவுக்கு முட்டி வலி. என் மனைவி சாமி ரூமுக்குள் வர முடியாது. தீட்டுக் கழித்த பிறகும் மூன்று மாதம் வரைக்கும் பிள்ளை பெற்றவள் அந்த வாசல்படியைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவள் கதவுக்கு வெளியே பாயில் உட்கார்ந்தபடி, மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, "காய வைக்கணும்னு போட்டிருக்குங்க" என்றாள். அவள் பன்னிரண்டாவது படித்தவள். எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

அதற்கு அக்கா சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா, பால் ஊத்தப்போற பாட்டில்ல ஈரம் இருந்தா இன்னா? பாலும் ஈரமாத்தானே கீது?"

என் மனைவி சிரித்துவிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் சிரித்தேன். அக்கா தான் சொன்னதில் அவ்வளவு என்ன சிரிப்பு என்று எங்களைப் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டாள். மடியில் குழந்தை குலுங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தது. அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. அதை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

அன்றிலிருந்து ஆவி நின்றதும் சுவிட்சைத் தட்டிவிடுவோம். பாட்டில்களை எடுத்து ஒரு உதறு உதறி, திரும்ப உள்ளே கவிழ்த்து, தூசி விழாமல் மூடி வைத்துவிடுவோம். வேண்டும்போது வேண்டும்போது எடுத்துக்கொள்வது. அது ஐப்பசி மழை நேரம். ஏரி நிரம்பித் தண்ணீர் ரோட்டோரம் வரைக்கும் வந்திருந்தது. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் குழந்தைத் துணி உலர்த்தியிருந்தோம். எதுவுமே காயவில்லை. சுவரைத் தொட்டால் பிசுபிசுப்பு. அந்த மாதிரி நாட்களில் ஒரு பாட்டில் ஈரமாக இருப்பது யார் கண்ணுக்கும் தப்பாகத் தெரியவில்லை.

குழந்தை முதலில் நன்றாகத்தான் குடித்தாள். அக்கா வாயைத் திறந்து அப்படிச் சொல்ல வந்தாலே என் மனைவி தடுத்துவிடுவாள். கண் பட்டுவிடும். யாராவது போனில் கேட்டால், ஏதோ குடிக்கிறா, ஏதோ இருக்கா என்பாள். பிறகு உண்மையிலேயே ஏதோ குடிக்கிறாள் என்று ஆயிற்று. நிப்பிளை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுகை என்றால் சத்தமாகக்கூட இல்லை, பூனைக்குட்டி மாதிரி. அவள் நாக்கிலும் கன்னத்துக்கு உள்பக்கமும் மாவு பூத்தது மாதிரி வெள்ளையாக இருந்தது. பால் படிந்திருக்கிறது என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தோம். துடைத்தால் போகவில்லை. அழுத்தினால் அடியில் சிவப்பாகத் தெரிந்தது.

குழந்தை குடித்து மீந்த பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, கால் படக் கூடாது. அதனால் வாசலில் இருக்கிற நந்தியாவட்டைச் செடிக்கு அடியில் நான்தான் கொண்டுபோய் ஊற்றுவேன். முதலில் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அப்புறம் கால் பாட்டில், அரைப் பாட்டில். ஒரு காலையில் அவள் பீய்ச்சிக் கொடுத்த பால் அத்தனையும் அப்படியே செடிக்குப் போனது. என் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றினேன். எவ்வளவு நேரம் வலிக்க வலிக்க உட்கார்ந்து எடுத்த பால் அது என்று எனக்குத் தெரியும். செடி மட்டும் நன்றாகப் பூத்தது.

ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் குழந்தையை எடை மெஷினில் படுக்க வைத்தாள். அந்த எண் நிற்காமல் ஆடியது. நான் நரசிம்மரைக் கூப்பிட்டேன். நின்றபோது, போன தடவையைவிடக் குறைவு. நர்ஸ் இன்னொரு தடவை படுக்க வைத்துப் பார்த்தாள். அப்போதும் குறைவுதான்.

டாக்டரம்மா வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஃபங்கஸ் என்றார். பிறகு பையிலிருந்து பாட்டிலை எடுக்கச் சொன்னார். நிப்பிளைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதே டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்பில் மிளகுத் தூள் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளிகள். நான் எத்தனை தடவை கழுவியிருக்கிறேன். எத்தனை தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். பாட்டிலைத்தான் பார்த்தேன். நிப்பிளைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

வேக வைக்கிறீர்களா என்று கேட்டார். வைக்கிறோம், மெஷின் இருக்கிறது என்றேன். காய வைக்கிறதா அந்த மெஷின் என்றார். வைக்கும் என்றேன். அப்புறம் ஏன் இவ்வளவு ஈரம் என்று கேட்டார். அவர் மேஜையில் கம்ப்யூட்டர், சுவரில் நுரையீரல் படம். அந்த இடத்தில் அதை எப்படிச் சொல்வது?

என் மனைவிதான் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டு, குழந்தையின் காதை மூடியபடி, "விளக்கு அணைஞ்சிடும் மேடம்" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எந்த விளக்கு என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், சாமி ரூம், பிளக் பாயிண்ட், தாம்பாளம், எல்லாம். டாக்டரம்மா சிரிப்பார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "மெஷினை வேற ரூம்ல வைக்க முடியாதா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோவிலில் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், அந்த வழி எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் விளக்கு இருந்தது. குழந்தைச் சாமான் இருக்க வேண்டிய இடத்தில் அது இருந்தது. காற்றுதான் தப்பாக வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதனால்தான் வந்தது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. குறைமாதக் குழந்தைகளுக்கு இது சாதாரணமாகவே வருவதுண்டாம். ஆனால் ஈரத்தில் வளரும், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம், இருக்கிற நிப்பிள்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்றார். குழந்தைக்கு நீர்ச்சத்துக் குறைந்திருக்கிறது, சேர்த்துவிடுங்கள் என்றார். தானாகப் பால் குடிக்க ஆரம்பித்தால்தான் வீடு. இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டி வரும் என்றார். அன்றைக்கே கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். அந்தக் கையில் நரம்பு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தேடினார்கள். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல் வேலையாக ஹாலில் டி.வி.யைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். டி.வி. இருந்த பலகையைத் துடைத்து அதன் மேல் மெஷினை வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன ஆயிற்று என்று சொன்னேன். டாக்டரம்மா, இதனால்தான் என்று சொல்லவில்லை என்பதையும் இரண்டு தடவை சொன்னேன். அக்கா, "அப்போ என் விளக்குதான்" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள்.

சண்டை போடுகிற அக்கா என்றால் சமாளித்துவிடலாம். பேசாத அக்காவை எனக்குப் பழக்கமில்லை. மறுநாள் காலையில் அவளே வந்து, இந்த மெஷினை எப்படிப் போடுவது, காட்டு என்றாள். முன்பெல்லாம் நிறுத்துவதற்கு மட்டும்தான் சுவிட்சைத் தொடுவாள். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். புது நிப்பிள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் எவ்வளவு, எதை எந்தத் தட்டில் வைப்பது, ஆவி நின்ற பிறகு எவ்வளவு நேரம் ஊதும் என்று கேட்டுக்கொண்டாள். பச்சை எரிகிற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது என்றேன். "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

அதிலிருந்து என் வேலை, காய்ந்த பாட்டில்களை மூடி போட்ட டப்பாவில் அடுக்கி, துவைத்த துண்டில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துத் தாம்பரம் கொண்டுபோவது. குழந்தைகள் வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டார்கள். மணி அடித்தால் கதவு கொஞ்சம் திறக்கும். என் மனைவியின் கை வரும். டப்பாவைக் கொடுப்பேன். பழைய டப்பா வெளியே வரும். கதவு மூடிவிடும். பழைய பாட்டில்களில் குழந்தை குடிக்காமல் விட்ட பால் அப்படியே இருக்கும். அங்கே செடி ஏது, வாஷ்பேசினில் கொட்ட அவளுக்கு மனசு வராது. அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்து நந்தியாவட்டைக்கு ஊற்றுவேன். ஊற்றும்போதே தெரிந்துவிடும், அன்றைக்கு எவ்வளவு குடித்தாள் என்று. கேட்க வேண்டியதே இல்லை. ஊற்ற ஊற்ற வந்துகொண்டே இருக்கும்.

நான் கும்பிடாத நேரமில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டதால் கோவில் பக்கமும் போக முடியவில்லை. வார்டு வாசலில் நின்று, கண்ணை மூடி, மனசாலேயே மலையைச் சுற்றுவேன். பாதி சுற்றுவதற்குள் யாராவது, "சார், கொஞ்சம் தள்ளுங்க" என்பார்கள். திரும்ப முதலிலிருந்து.

ஒரு நாள் சாயங்காலம், மழை விட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. அக்கா ஹாலில் பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மெஷினில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. மூடியின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள், தூங்குகிற குழந்தையின் மேல் வைப்பது மாதிரி. நல்லா காஞ்சிடுச்சு, ஒரு சொட்டுகூட இல்லை, பாரு என்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல் சாமி ரூம் பக்கம் கும்பிடத் திரும்பினேன்.

உள்ளே இருட்டாக இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நான் பார்த்த பக்கம் பார்த்தாள். எழுந்திருக்க முயன்று, முட்டி வராமல், பலகையைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ணெய் ஊத்த மறந்துட்டேன்டா. இது காயணும் காயணும்னு இத்தையே பார்த்துகினு உக்காந்துட்டேன்."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். திரி கருகிச் சுருண்டிருந்தது. விளக்கைத் தொட்டேன். ஆறிப்போயிருந்தது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் என்ன நடந்திருக்கும் என்று மனசு ஓடியது. படித்தவர்கள் எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணையும் என்பார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்து என்ன செய்ய.

போன் போடு என்றாள் அக்கா. கையில் போனை வைத்துக்கொண்டு போட முடியாமல் நின்றேன். அக்கா சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல்தான் போட்டேன். என் மனைவி எடுத்தாள். பின்னால் யாரோ குழந்தையைத் தாலாட்டுகிற சத்தம். நான் விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை.

"குடிச்சாளா?"

தாழ்ந்த குரலில், "பாதி குடிச்சா" என்றாள். எப்போது என்று கேட்டேன். இப்போதுதான், கொஞ்ச நேரம் முன்னால் என்றாள். சீக்கிரம் பாட்டில் கொண்டு வரச் சொல்லி வைத்துவிட்டாள்.

அக்காவிடம் சொன்னேன். பாதியா, என்று திரும்பக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது நல்லதா கெட்டதா என்று என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் தீப்பெட்டியை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அத்த வை. அது நான் வச்ச விளக்கு, நான் பார்த்துக்கிறேன். நீ பாட்டிலை எடுத்துகினு கிளம்பு மொதல்ல. அடுத்த வேளைக்கு அவளுக்கு வேணும்" என்றாள். கிளம்பும்போது, அவ கிட்ட சொல்லாதே என்றாள். சொல்லமாட்டேன் என்றேன்.

டப்பாவை அடுக்கினேன். எல்லாப் பாட்டில்களும் காய்ந்து, தொட்டால் லேசான சூடோடு இருந்தன. கேட்டைச் சாத்தும்போது திரும்பிப் பார்த்தேன். சாமி ரூம் ஜன்னலில் வெளிச்சம் இன்னும் வரவில்லை. மறுபடி தூறல் ஆரம்பித்தது. டப்பாவைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஏரிக்கரை ரோடு முழுக்கத் தண்ணீர். போகிற வழியில் சாமியிடம் பெரிதாக எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விளக்கு அணைந்த வீட்டிலிருந்து போகிறவன் என்ன கேட்பது. அந்த மீதிப் பாதியையும் குடித்துவிடட்டும் என்று மட்டும் கேட்டேன். அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

மணி அடித்தேன். கதவு திறந்து கை வந்தது. டப்பாவைக் கொடுத்தேன். பழைய டப்பா வெளியே வந்தது. வாங்கும்போதே கனமில்லை. வராந்தாவில் டியூப் லைட்டுக்குக் கீழே போய்த் துண்டைப் பிரித்துப் பார்த்தேன். பாதி குடித்ததாகச் சொன்ன பாட்டிலில் பால் இல்லை. அடியில் கொஞ்சம் நுரை மட்டும் ஒட்டியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழுந்தது.

நிமிர்ந்தால் கதவு இன்னும் மூடவில்லை. இடுக்கில் என் மனைவியின் முகத்தில் பாதி தெரிந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டின் மேல் விரலை வைத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தலையசைத்தாள். நானும் தலையசைத்தேன். கதவு மூடியது.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே நின்று என்னடா ஆச்சு என்றாள். ஏதோ குடிக்கிறா என்றேன். காலிப் பாட்டிலோடு அப்படியே நேராகக் கழுவப் போய்விட்டேன்.